கத்தி விட்டுவைத்த கோடு: நியூரம்பெர்க் முதல் ஆன்ட்வெர்ப் வரை

முதல் நாள், நியூரம்பெர்க்: டியூரர் வீடு

பழைய விவிலிய மரச்செதுக்குப் படங்களைப் பார்க்க ஆறு நாள் பயணம் இது. மரச்செதுக்கு என்றால் கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மரக்கட்டையை வெட்டி, அந்த மேட்டில் மை ஏற்றித் தாளில் அச்சிடுவது. ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்குள் புகுந்து கோட்டையை நோக்கி மேட்டில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் டீர்கார்ட்னர் வாசல் வந்துவிடும். அதை ஒட்டி நிற்கும் உயரமான மரச்சட்ட வீட்டை ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509இல் வாங்கினார். 1528இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். வீட்டுக்குள் பழைய அச்சுமுறைகளைச் செய்துகாட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. விவிலிய மரச்செதுக்குகளைப் பார்க்கக் கிளம்புபவர்கள் படங்களுக்கு முன்னால் இந்தப் பட்டறையைப் பார்த்துவிடுவது நல்லது. படத்தில் ஒரு கோடு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணங்களில் பாதி மரத்திலும் கத்தியிலும் இருக்கிறது.

மரம் பெரும்பாலும் பேரிக்காய் மரம். நார் நெருக்கமானது, கத்திக்கு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இடம் கொடுக்கும். பலகையை நீளவாக்கில் அறுத்து, ஈய எழுத்தின் உயரத்துக்கு, அதாவது சுமார் 2.4 சென்டிமீட்டர் கனத்துக்கு இழைப்பார்கள். இந்த உயரம் முக்கியம். படக்கட்டையும் எழுத்தும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டு, ஒரே மையில், அச்சு இயந்திரக் கைப்பிடியின் ஒரே இழுப்பில் அச்சாக வேண்டும். விவிலியத்துக்குப் படம் போட அச்சகங்கள் மரத்தைத் தேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

இழைத்த பலகையின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அதில் பேனாவால் இடவலம் மாற்றி வரைவார்கள், அல்லது தாளில் வரைந்ததைக் குப்புற ஒட்டுவார்கள். அடுத்து கத்தி. ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் வெட்டு விழும். கோட்டின் விளிம்பை ஒட்டி, கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து ஒரு வெட்டு. அதை எதிர்கொள்ள மறுசாய்வில் இன்னொன்று. நடுவிலிருந்து ஒரு மரச்சீவல் எழும்பி வரும். கோட்டின் மேல்முனை ஒடுங்கியும் அடிப்பாகம் அகன்றும் நிற்பதால்தான் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தை அது தாங்குகிறது. புதியவர்கள் செய்யும் தவறு கத்தியைக் கோட்டுக்கு அடியில் உட்புறமாகச் சாய்ப்பது. அடி குறுகிவிட்ட கோடு முதல் சில அச்சுப் படிகளிலேயே உடைந்து உதிரும்.

அகலமான வெள்ளைப் பகுதிகளை வளைந்த வாயுள்ள உளியால் தோண்டி எடுப்பார்கள். கோடுகள் நெருங்கிய இடத்தில் மேலோட்டமான ஆழம் போதும். பெரிய வெள்ளை வெளி என்றால் இன்னும் ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் மைப்பந்து உள்ளே இறங்கும், ஈரத்தாளும் தொய்ந்து உள்ளே தொடும், வானத்தின் நடுவே அழுக்குத் தடம் விழும்.

மை என்பது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்த புகைக்கரி. தோலுக்குள் குதிரைமயிரோ கம்பளியோ அடைத்த இரண்டு மைப்பந்துகளை ஒன்றோடொன்று உருட்டி மையைப் பரத்திவிட்டு, கட்டையின் மேல் தட்டித்தட்டி ஏற்றுவார்கள். தாள் முதல் நாளே ஈரப்படுத்தப்பட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஈரம் குறைந்தால் மெல்லிய கோடு தாளில் முழுதாக ஏறாது. கூடினால் மை பரவி, நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். மை அதிகமாகி அழுத்தமும் அதிகமானால் கோட்டின் இரு ஓரங்களிலும் மை பிதுங்கி நடுப்பகுதி வெளிறும். ரப்பர் ஸ்டாம்பை அழுத்திக் குத்தினால் எழுத்தின் ஓரத்தில் மை திரளுமே, அதேதான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் இந்தக் கரையைப் பார்த்துவிட்டால், கையில் இருப்பது மேடான பரப்பிலிருந்து எடுத்த அச்சு என்பது உறுதி.

இரண்டாம் நாள், நியூரம்பெர்க்: நாளாகமத்திலிருந்து நான்கு குதிரைவீரர்கள் வரை

தாளில் அச்சான படங்களை எந்த அருங்காட்சியகமும் நிரந்தரமாகச் சுவரில் வைப்பதில்லை. வெளிச்சம் தாளைக் கெடுக்கும். வரைகலைத் தொகுப்பின் வாசிப்பறைக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும். படத்தின் பெயரோடு தொகுப்பு எண்ணையும் எழுதிவிட்டால் வேலை சுலபம். பென்சில் மட்டுமே உள்ளே அனுமதி. லென்ஸ் கொண்டுபோகலாம். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் தாளின் பின்புறம் கோடுகள் புடைத்துத் தெரியும். நன்றாகப் புடைத்திருந்தால் அந்தப் படி கழுவி, அழுத்தித் தட்டையாக்கப்படாதது.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் இந்த ஊர் அச்சகர் அன்டன் கோபெர்கர் 1483இல் அச்சிட்ட ஜெர்மன் விவிலியம். இதன் படக்கட்டைகள் அதற்குச் சில ஆண்டுகள் முன் கொலோன் நகரில் அச்சான விவிலியத்துக்காகச் செதுக்கப்பட்டவை. கோபெர்கர் அவற்றையே மறுபடி பயன்படுத்தினார். இங்கே கோட்டின் வேலை எல்லை போடுவது மட்டும்தான். உருவத்துக்கு வெளிக்கோடு, உடை மடிப்புக்கு நுனி வளைந்த சில கோடுகள், நிழலுக்குக் குட்டையான இணைகோடுகள். மற்றதெல்லாம் அச்சான பின் கையால் வண்ணம் தீட்டும் வண்ணக்காரருக்கு விடப்பட்ட இடம். வண்ணம் பூசாத படியைப் பார்த்தால் படம் பாதியில் நின்றதுபோல் இருக்கும்.

அடுத்தது ஹார்ட்மன் ஷேடலின் உலக நாளாகமம் என்ற உலக வரலாற்று நூல், 1493. இதுவும் கோபெர்கர் அச்சகம்தான். 645 கட்டைகளிலிருந்து 1,809 படங்கள். ஒரே கட்டை பல அரசர்களுக்கும் பல நகரங்களுக்கும் பொருந்திக்கொண்டது. படைப்பின் ஏழு நாட்களும் நோவாவின் பேழையும் இதில் உண்டு. வரைந்தவர்கள் மிக்கேல் வோல்கமூட், வில்ஹெல்ம் பிளெய்டன்வுர்ஃப். வோல்கமூட்டின் பட்டறையில்தான் டியூரர் 1486 முதல் 1489 வரை பயிற்சி பெற்றார். நிழற்கோடுகள் இங்கே கூடிவிட்டன. ஆனால் பெரும்பாலானவை ஒரே கனத்தில், ஒரே விறைப்பில் ஓடுகின்றன. கல்லும் துணியும் தோலும் ஒரே கோட்டால் ஆனவைபோல் தெரியும்.

இதைப் பார்த்த கையோடு டியூரரின் 'வெளிப்படுத்தின விசேஷம்' தொகுப்பைத் திறக்க வேண்டும். உலகின் முடிவைச் சொல்லும் விவிலியத்தின் கடைசி நூலுக்கான படங்கள் இவை. 1498இல் ஜெர்மன், லத்தீன் இரண்டிலும் வெளிவந்தது. 15 படங்கள். ஒவ்வொன்றும் சுமார் 39 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம். படம் ஒரு பக்கம் முழுவதும், வசனம் அதன் பின்பக்கம். வெளியீட்டாளரும் டியூரரே. எழுத்துகள் கோபெர்கருடையவை. கோபெர்கர் டியூரருக்கு ஞானத்தந்தை.

நான்கு குதிரைவீரர்கள் படத்தில் (ஆறாம் அதிகாரம்) முதலில் வானத்தைப் பாருங்கள், குதிரைகளை அல்ல. பின்னணி முழுக்கக் கிடைக்கோடுகள். வீரர்களுக்குப் பின்னால் நெருங்கி இருண்டும், மேகத்தின் அருகே விலகி வெளிறியும் ஓடுகின்றன. குதிரைகளின் பாய்ச்சல் கால்களில் இருப்பதைவிட அதிகமாக இந்தக் கிடைக்கோடுகளில் இருக்கிறது. அசையாத அந்த அடுக்கின் முன்னால் வில்லும் வாளும் தராசும் ஏந்தியவர்கள் இடமிருந்து வலமாகக் கடக்கிறார்கள். இடது கீழ் மூலையில் மெலிந்த குதிரையில் மரணம். அந்தக் குதிரையின் விலா எலும்புகளைக் காட்டும் கோடுகள் தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் பருத்து, முடிவில் ஊசிமுனையாகத் தீர்கின்றன. பேனாவால் இப்படி ஒரு கோடு இழுக்க ஒரு நொடி போதும். மரத்தில் அதே கோட்டுக்கு இரண்டு வளைந்த வெட்டுகள் வேண்டும். இரண்டும் நுனியில் மயிரிழையில் சந்திக்க வேண்டும். வெட்டு நுனியைக் கடந்தால் கோடு குட்டையாகிவிடும். முன்னமே நின்றால் நுனி மழுங்கும்.

கோடு உருவத்தின் மேல் படிந்து வளைவதும் இங்கே புதிது. தொடையின் மேல் போகும் கோடு தொடையின் உருட்சியைச் சுற்றிப் போகிறது. மரத்தூணின் மேல் போவது மரத்தின் நீளத்தில் போகிறது. பொருளின் வடிவம், அதன் நிழல், அது எதனால் ஆனது என்ற மூன்றையும் ஒரே கோடு சொல்லிவிடுகிறது. வண்ணத்துக்கு வேலை இல்லாமல் போனது இதனால்தான்.

நிழலை ஆழமாக்க இணைகோடுகளின் குறுக்கே இன்னும் கோடுகள் போடும் குறுக்குப்பின்னலைப் பற்றி ஒரு கணக்கு. பத்து இணைகோடுகளை மரத்தில் நிறுத்த அவற்றின் இடையே ஒன்பது நீள இடைவெளிகளை எடுத்தால் போதும். இடைவெளிக்கு இரண்டாகப் பதினெட்டு நீண்ட வெட்டு. அதன் குறுக்கே இன்னும் பத்துக் கோடுகள் வேண்டும் என்று வரைபவர் முடிவு செய்தால், இடையில் 81 சிறு கட்டங்கள் வந்துவிடும். ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் வெட்டித் தனித்தனியாகத் தோண்ட வேண்டும். 324 வெட்டுகள். ஒரு கட்டத்தின் மூலை பிசகினாலும் பின்னல் அறுந்துவிடும். செப்புத்தகட்டில் கோடே பள்ளமாக வெட்டப்படுவதால் குறுக்கே இழுப்பது சுலபம். மரத்தில் அது செலவு பிடித்த ஆடம்பரம். புனித பூமிக்குப் போய்வந்த பிரெய்டன்பாக்கின் பயணநூலுக்கு (மைன்ஸ், 1486) எர்ஹார்ட் ராய்விச் வரைந்த முகப்புப் படத்தில் இந்தப் பின்னல் வருகிறது. மரச்செதுக்கில் அதன் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் அது ஒன்று. டியூரர் அதைச் சிக்கனமாக, ஆழ்ந்த நிழலுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

டியூரர் இந்தக் கட்டைகளைத் தானே செதுக்கினாரா, செதுக்குநரிடம் கொடுத்தாரா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. அதே காலத்துச் சிம்சோன் சிங்கத்தைக் கிழிக்கும் படத்தின் மூலக்கட்டை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் வெட்டியிருந்தாலும், பேனாவின் துடிப்பு முழுதும் மரத்தில் தங்கியிருக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம்.

நேரம் இருந்தால் இயேசுவின் இறுதித் துன்பங்களைக் காட்டும் டியூரரின் 'பெரிய பாடுகள்' தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள். 1511இல் நூலாக வந்தது. ஏழு படங்கள் 1490களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. இராவுணவு, இயேசுவைப் பிடித்தல், பாதாளத்தில் இறங்குதல், உயிர்த்தெழுதல் ஆகிய நான்கும் 1510இல் செய்தவை. ஒரே நூலுக்குள் ஒரே கையின் இரண்டு வேறு முறைகள். பழைய படங்களில் வெள்ளைத் தாளின்மேல் கருப்புக் கோடு பாய்கிறது. 1510இன் படங்களில் சீரான இணைகோடுகள் பரப்பெங்கும் விரிந்து ஒரு நடுச்சாம்பலைத் தருகின்றன. அந்தச் சாம்பலிலிருந்து நிழல் கீழே இறங்குகிறது, ஒளி மேலே ஏறுகிறது. வெறும் தாளாக விட்ட இடம் இப்போது வெற்றிடம் அல்ல, வெளிச்சம். உயிர்த்தெழுந்தவரைச் சுற்றிய ஒளியைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வழி மரத்தில் இல்லை. அங்கே ஒளி என்பது முழுதாக எடுத்துவிட்ட மரம்.

மூன்றாம் நாள், விட்டன்பெர்க்: நீக்கப்பட்ட மகுடம்

ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் வீடுகள் சந்தைச் சதுக்கத்திலும் ஷ்லோஸ் தெருவிலும் உள்ளன. தெருவிலுள்ள முற்றத்தில் பழைய முறை அச்சுப் பட்டறை ஒன்று இயங்குகிறது. கைப்பிடியை இழுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அக்காலத்து இயந்திரத்தின் அழுத்துபலகை தாளில் பாதியை மட்டுமே மூடும். அதனால் ஒரு தாளுக்கு இரண்டு இழுப்பு. இரண்டாம் இழுப்பின்போது தாள் இம்மி நகர்ந்தாலும் கோடு இரட்டையாக விழும்.

போப்பை எதிர்த்த சீர்திருத்தவாதி லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் இந்த ஊரில் வந்தது. அச்சிட்டவர் இளைய மெல்கியோர் லோட்டர். முதலீடு செய்தவர்கள் கிரானாக்கும் கிறிஸ்டியன் டோரிங்கும். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் 21 முழுப்பக்கப் படங்கள். டியூரரின் அமைப்புகளை எடுத்துக்கொண்டு கோட்டைத் தடிப்பாக்கி, கோடுகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள். குறுக்குப்பின்னல் அரிது. அவசர வேலை என்பது தெரிகிறது. ஆனாலும் இதைக் குறையாகச் சொல்ல மாட்டோம். ஆயிரக்கணக்கில் இழுக்க வேண்டிய நூலுக்குத் தடித்த கோடுதான் தாங்கும். வசன எழுத்தின் கருமையோடு பக்கத்தில் ஒத்துப்போவதும் அதுதான். பாபிலோனின் வீழ்ச்சிப் படத்துக்கு நாளாகமத்திலிருந்த ரோம் நகரக் காட்சியையே எடுத்தாண்டிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு எந்த நகரம் விழுகிறது என்பது புரிந்திருக்கும்.

இந்தத் தொகுப்பில் கோட்டைப் பற்றிய பெரிய பாடம் அதே ஆண்டு டிசம்பர் பதிப்பில் இருக்கிறது. செப்டம்பரில் மிருகத்தின் தலையிலும் பாபிலோன் மகா வேசியின் தலையிலும் போப்பின் மூவடுக்கு மகுடம் இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் மேல் அடுக்குகள் போய், சாதாரணக் கிரீடம் மட்டும் நிற்கிறது. புதுக் கட்டை தேவைப்படவில்லை. மேல் அடுக்குகளின் கோடுகளைச் சீவி எறிந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்தால், தலைக்கு மேல் மட்டும் காரணமில்லாத ஒரு வெள்ளை தெரியும்.

மரத்தில் கோட்டை நீக்குவது ஒரு நிமிட வேலை. சேர்ப்பதுதான் கடினம். சேர்க்க வேண்டுமானால் அந்த இடத்தைத் துளைத்து, அளவெடுத்த மரத்துண்டை இறுக்கி ஒட்டி, பரப்பை இழைத்துச் சமப்படுத்தி, அதில் புதிதாக வெட்ட வேண்டும். துண்டு ஈரத்தில் ஊதினால் அதன் விளிம்பு மெல்லிய கருங்கோடாக அச்சில் விழும். சுருங்கினால் வெள்ளைக்கோடாக விழும். படத்தின் நடுவே சம்பந்தமில்லாத வட்டமோ சதுரமோ மங்கலாகத் தெரிந்தால் அது ஒட்டுத்துண்டு. 1534இல் ஹன்ஸ் லுஃப்ட் அச்சிட்ட முழு விவிலியத்துக்குப் புதுக் கட்டைகள் செதுக்கப்பட்டன. அதில் மூவடுக்கு மகுடம் திரும்ப வந்துவிட்டது.

நான்காம் நாள், வைமார்

குறுகிய நிறுத்தம். அன்னா அமாலியா நூலகத்தில் 1534 விவிலியத்தின் வண்ணம் தீட்டிய படி ஒன்று இருக்கிறது. 2004 தீ விபத்தில் காப்பாற்றப்பட்ட நூல். மூலத்தைப் புரட்ட முடியாது. மறுபதிப்பே போதும். பார்க்க வேண்டியது ஒன்றுதான். கெட்டியான வண்ணம் எங்கெங்கே நிழற்கோடுகளை மூழ்கடித்திருக்கிறது, எங்கே வண்ணக்காரர் கோட்டை மதித்து மெல்லிய நீர்வண்ணத்தோடு நின்றிருக்கிறார். செதுக்குநரின் அத்தனை நாள் உழைப்பும் சில இடங்களில் நீலத்துக்கு அடியில் கிடக்கிறது. அழகான நூல்தான். கோட்டைப் படிக்க வந்தவர்களுக்கு வண்ணமில்லாத படியே மேல்.

ஐந்தாம் நாள், பாசெல்: கட்டைவிரல் அளவுக் கோடுகள்

காலையில் ஆற்றோரம் செயின்ட் ஆல்பன் பகுதியிலுள்ள காகித ஆலை அருங்காட்சியகம். கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளித் தாளாக்குவதைச் செய்துகாட்டுகிறார்கள். கையால் அள்ளிய தாளில் கம்பியின் வரிகள் மேடுபள்ளமாக இருக்கும். பெரிய படத்தில் இது உறுத்தாது. சிறிய படத்தில் மெல்லிய கோடு ஒன்று பள்ளத்தில் விழுந்தால் அங்கே அறுந்து தெரியும். கட்டை சேதமா, தாளின் குறையா என்று சந்தேகம் வந்தால் அதே படத்தின் இன்னொரு படியைப் பாருங்கள். அதே இடத்தில் அறுந்திருந்தால் கட்டை. இல்லையென்றால் தாள்.

பிற்பகலில் கலை அருங்காட்சியகத்தின் வரைகலைப் பிரிவு. ஓவியர் இளைய ஹன்ஸ் ஹோல்பைன் வரைந்து ஹன்ஸ் லூட்செல்பர்கர் செதுக்கிய, மரணம் எல்லாரையும் தேடி வரும் 'மரணத்தின் காட்சிகள்' ஒவ்வொன்றும் சுமார் 6.5 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலம். படைப்பு, விலக்கப்பட்ட கனி, ஏதேனிலிருந்து வெளியேற்றம் என்று ஆதியாகமத்தில்தான் வரிசை தொடங்குகிறது. லூட்செல்பர்கர் 1526இல் இறந்தார். கட்டைகள் லியோன் நகர அச்சகர்களான டிரெக்செல் சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தன. நூலாக வந்தது 1538இல். அதே ஆண்டு அதே அச்சகத்திலிருந்து ஹோல்பைனின் பழைய ஏற்பாட்டுப் படத்தொகுப்பும் வந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள், அகலம் எட்டரை சென்டிமீட்டர் போல.

இவ்வளவு சிறிய பரப்பில் டியூரரின் பருத்து மெலியும் கோட்டுக்கு இடமில்லை. ஹோல்பைன் வேறு வழியில் போனார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. உருவத்தின் ஒளிப்பக்கம் வெறும் வெளிக்கோடு. சில இடங்களில் அதுகூட இல்லை, கண் தானே மூடிக்கொள்ளும். நிழற்பக்கம் குட்டையான, ஒரே சாய்வுள்ள இணைகோடுகள். குறுக்குப்பின்னல் ஏறக்குறைய இல்லை. முகம் என்பது நான்கைந்து வெட்டு. அந்த நான்கைந்தில் பயம், பிடிவாதம், களைப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. மரச்செதுக்கின் உச்சம் எது என்று கேட்டால் எங்கள் பதில் லூட்செல்பர்கரின் கத்திதான். டியூரரின் பெரிய தாள்கள் பிரமிக்க வைக்கும். ஆனால் வீணாக ஒரு கோடுகூட இல்லாதது இங்கேதான். வரைபவர் எதை விட்டுவிட வேண்டும் என்று அறிந்திருந்தார். வெட்டுபவர் அந்த முடிவை ஒரு இடத்திலும் குலைக்கவில்லை. தன் பெயரெழுத்துகளை லூட்செல்பர்கர் சீமாட்டியின் படத்தில் கட்டிலின்மேல் வெட்டிவைத்திருக்கிறார். லென்ஸில் தேடினால் கிடைக்கும்.

ஆறாம் நாள், ஆன்ட்வெர்ப்: கட்டைகளே இருக்கும் இடம்

குரூன்பிளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்கிச் சில நிமிட நடையில் வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கம். அங்கே பிளான்டின், மொரேட்டஸ் குடும்பங்களின் பழைய அச்சகமான பிளான்டின் மொரேட்டஸ் அருங்காட்சியகம். உலகில் எஞ்சிய மிகப் பழைய அச்சு இயந்திரங்கள் இரண்டு, 1600 வாக்கில் செய்தவை, இங்கே நிற்கின்றன. ஏறக்குறைய 14,000 மரக்கட்டைகள் சேமிப்பில் உள்ளன. பயணத்துக்கு முன்பே அவற்றின் படங்களை இணையத்தில் பார்த்துவைக்கலாம்.

கட்டையைப் பார்க்கும்போது மையில் ஊறிக் கறுத்த மேற்பரப்பில் கோடுகள் இருக்கின்றனவே, அவற்றின் விளிம்பைப் பாருங்கள். அதிகம் இழுத்த கட்டையில் விளிம்பு உருண்டிருக்கும், அதனால் அச்சில் கோடு தடிக்கும். முதலில் உடைவது படத்தைச் சுற்றிய சட்டக்கோடு. வெளி ஓரத்தில் துணையின்றி நிற்பதால் கட்டையைப் பூட்டும்போதும் கழற்றும்போதும் அடிபடும். அடுத்தது நாருக்குக் குறுக்கே ஓடும் தனிக்கோடு. நாரோடு ஓடும் கோடு நெடுநாள் தாங்கும். ஒவ்வொரு முறையும் நனைந்து காய்வதால் கட்டை நாரின் போக்கில் பிளக்கும். பிளவு அச்சில் எல்லா உருவங்களையும் ஊடுருவிப் போகும் நேரான வெள்ளைக்கோடு. புழு துளைத்த இடம் கோடுகளின் நடுவே உருண்டையான வெள்ளைப்புள்ளி. இந்த அடையாளங்களைக் குறித்துக்கொண்டு ஒரே படத்தின் பல படிகளை ஒப்பிட்டால் எது முன், எது பின் என்று வரிசைப்படுத்திவிடலாம். சட்டக்கோடு உடையாத படியைவிட உடைந்தது பிந்தியது. பிளவு ஒருபோதும் தானாக மூடாது. ஆனால் உடைந்த ஓரத்தில் புதுச் சட்டம் ஒட்டியிருக்கக்கூடும். அதனால் ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

செப்புத்தகடு மரத்தைத் தள்ளியதும் இந்த வீட்டில்தான் தெளிவாகத் தெரிகிறது. கிறிஸ்டோஃபெல் பிளான்டின் சில வழிபாட்டு நூல்களை மரப்படத்தோடும் செப்புப்படத்தோடும் தயாரித்து, வாங்குபவர் விருப்பத்துக்கு விட்டார். செப்புப்படம் உருளை இயந்திரத்தில் தனியாக இழுக்கப்பட வேண்டும். எழுத்தோடு சேர்த்து அச்சிட முடியாது, செலவு கூடும். ஆனாலும் மயிரிழைக் கோடும் தாராளமான பின்னலும் அதில் கிடைத்தன. பணமுள்ளவர்கள் அதைக் கேட்டார்கள். 1568இல் தொடங்கி 1573இல் முடிந்த எட்டுத் தொகுதிப் பன்மொழி விவிலியத்தின் தலைப்புப் படங்கள் செப்புத்தகடுதான்.

மரம் அதோடு ஓயவில்லை. மொரேட்டஸ் குடும்ப அச்சகத்துக்கு வேலை செய்த கிறிஸ்டோஃபெல் யேகர் 1630களில் ஓவியர் ரூபென்ஸுக்காகச் சில பெரிய தாள்களைச் செதுக்கினார். சூசன்னாவும் மூப்பர்களும், கிறிஸ்துவைச் சோதிக்கும் சாத்தான், எகிப்துக்குப் போகும் வழியில் இளைப்பாறல். செப்போடு மெல்லிய கோட்டில் போட்டி போட யேகர் முயலவில்லை. கோடுகள் தூரிகை இழுப்பின் அகலத்துக்குப் பருத்து, தோளையும் மேகத்தையும் சுற்றி ஓடுகின்றன. இரண்டடி தள்ளி நின்று பார்க்க வேண்டிய படங்கள். சோதனைப் படிகளில் ரூபென்ஸ் தூரிகையால் திருத்தம் செய்தார். வெள்ளை பூசிய இடமெல்லாம் யேகர் மரத்தை இன்னும் எடுக்க வேண்டிய இடம்.